கலைச்சொல்: பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்ததும் பாய்வதை ‘மூடிச்சீறல்’ எனலாமா?

அன்பின் அக்கா, குழும உறவுகளுக்கும் வணக்கம். சூடான மெசினின் தாங்கி மூடியைத் திறந்ததும் பெற்றோல் பீறிட்டுப் பாய்வதற்கு (ஆங்கிலத்தில் fuel geyser) நாங்கள் எழுதும் கைநூலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில் அக்கா எழுதியது:

> ‘எரிபொருட் பீச்சல்’ போதும் தம்பி, பார்த்ததும் விளங்கும்.

எனக்கு மனம் ஒப்பவில்லை அக்கா. பால் பீச்சுகிறோம், பூக்கண்டுக்குத் தண்ணீர் பீச்சுகிறோம். அது ஆள் விரும்பிச் செய்வது. இங்கே பெற்றோல் தானாகப் பாய்ந்து ஆளை எரிக்கப் பார்க்கிறது. முன்பு வந்த ‘எரிபொருள் ஊற்று’ இன்னும் பொருந்தாது. வன்னியில் ஊற்று என்றால் ஆற்று மணலைத் தோண்டினால் மெல்லச் சுரக்கிற தண்ணீர். அதைக் கேட்டு யாரும் கையை இழுக்கமாட்டார்கள்.

நான் கண்டதைச் சொல்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு காணி துப்புரவு, ஆவணி வெயில். புல்லு வெட்டுற மெசின் இடையில் நின்றுவிட்டது. பெற்றோல் முடிந்துவிட்டதென்று நினைத்துத் தம்பி ஒருவன் மெசினைத் தோளிலிருந்து இறக்கிய கையோடு மூடியைத் திருகினான். ‘ஸ்ஸ்’ என்றது. கை நிற்கவில்லை. அடுத்த கணம் கழுத்திலிருந்து இடுப்புவரை பெற்றோல். கொஞ்சம் தள்ளி மூன்று கல் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஓடிப்போய் அடுப்பில் வாளித் தண்ணீரைக் கொட்டினார். மற்றவர் அவனை எதிர்ப்பக்கம் இழுத்துப்போய்த் தண்ணீரால் நனைத்தபிறகே சேட்டைக் கழற்றினார். தீ பிடிக்கவில்லை. ஆனாலும் நெஞ்சுத் தோல் சிவந்து எரிந்தது. அதற்குப் பெற்றோலே போதும். தாங்கியைப் பார்த்தால் பாதிக்கு மேல் மிச்சம்!

சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை மறித்தால் என்ஜின் நின்றுவிடும். தாங்கிக்குள்ளும் அழுத்தம் ஏறி நிற்கும். மூடி விட்டுக்கொடுத்ததும் குலுக்கிய சோடாப் போத்தல் போலப் பொங்கும். பெற்றோல் சுமார் −40 பாகை செல்சியசிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். நிலத்தோடு தவழ்ந்து அடுப்படிக்குப் போகும்.

அன்று பின்னேரம் அந்தத் தம்பி சொன்னது: “பாம்பு மாதிரிச் சீறினது அண்ணை, நான்தான் கவனிக்கேல்ல.”

சொல் அவன் வாயிலேயே இருக்கிறது. சீறல் முதலில் வரும், பாய்ச்சல் பின்னால். பாம்பு சீறினால் கால் தானாகப் பின்வாங்கும் அல்லவா? அந்தப் பழக்கத்தை இந்தச் சொல் கைக்கும் கொண்டுவரும். வினையாகவும் வளையும்: “மூடி சீறுது, திறக்காதை.” பீச்சலிலோ ஊற்றிலோ இந்த எச்சரிக்கை இல்லை.

கைநூல் வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்: “மெசின் ஆறும்வரை பொறு. தாங்கியில் எவ்வளவு இருக்கிறதென்று வெளியிலிருந்து பார். மூடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மெல்லத் திருகு. சீறல் கேட்டால் உடனே இறுக்கிவிட்டு ஆறவிடு. பெற்றோல் விட்டபின், விட்ட இடத்திலிருந்து 3 மீற்றராவது தள்ளிப்போய் ஸ்ரார்ட் செய்.”

தாங்கியை மறுபடி நிரப்புவதற்கு ‘மீள்நிரப்பல்’ என்பது அறிக்கைகளில் இருக்கட்டும். கைநூலில் ‘பெற்றோல் விடுதல்’ என்றே வைக்கிறேன். குழாய்க்குள் ஆவி மறிப்பதற்கு ‘ஆவியடைப்பு’ சரிவரும் என்பது என் எண்ணம். ஆங்கில ‘vapour lock’ என்பதை அப்படியே ‘ஆவிப்பூட்டு’ என்றால் பூட்டைத் தேடுவார்கள்.

முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் மரம் அரிகிற ஆட்களிடம் மூடி சீறிப் பாய்வதற்கு வேறு சொல் புழங்கினால் கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வரைவு அச்சுக்குப் போகிறது.