வயலுக்குள் வந்த அளவுக்கருவிகள்: பாசன ஆராய்ச்சியோடு பழகியவர்களின் அனுபவங்கள்

வேரடி:

என் நிலத்தின் ஒரு பகுதியில் ஒரு பருவம் முழுக்க மண் ஈரத்தை அளந்தார்கள். அதன் பிறகு நான் தண்ணீர் விடும் முறையே மாறிவிட்டது. உங்களுக்கும் இப்படிப் பாசன ஆராய்ச்சியோடு பழக்கம் இருந்தால் எழுதுங்கள். பலன், எரிச்சல் எதுவானாலும் சரி. "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்" என்ற பொது உபதேசம் மட்டும் வேண்டாம், அது எல்லாருக்கும் மனப்பாடம்.

முதலில் என்னுடையது. தக்காளி வரிசையில் இரண்டே டென்சியோமீட்டர் வைத்தார்கள். ஒன்று 30 செ.மீ. ஆழத்தில், இன்னொன்று 60 செ.மீ. ஆழத்தில். தண்ணீர் நிரப்பிய குழாய், அடியில் நுண்துளை உள்ள பீங்கான் முனை, தலையில் ஒரு முள் காட்டி, அவ்வளவுதான் கருவி. மண் காயக் காய முனை வழியே தண்ணீரை இழுக்கும், முள் ஏறும். வேர் எவ்வளவு பாடுபட்டு உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. மண்ணில் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும் சென்சார் வேறு வகை. களிமண்ணில் ஈரம் தாராளமாக இருக்கும், ஆனால் மண் அதை இறுகப் பிடித்திருப்பதால் செடி வாடி நிற்கும். அங்கே சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது.

நான் வழக்கமாக வால்வைத் திறக்கும் நாளில் மேல் முள் 30 சென்டிபார் (மண் தண்ணீரைப் பிடித்து இழுக்கும் விசையின் அலகு) பக்கம் வந்து நின்றது. அதில் பிரச்சினை இல்லை. கீழ் முள்தான் பருவம் பாதி தாண்டியும் 10-ஐ விட்டு அசையவில்லை. 60 செ.மீ. ஆழத்தில் மண் எப்போதும் நிறைந்தே இருக்கிறது, மேலே விடுவதில் ஒரு பங்கு வேரைத் தாண்டி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். மேல்மண் வறண்டு கிடந்ததால் மேலே நின்று பார்க்கிற யாருக்கும் இது தெரிய வழியில்லை. "தண்ணீர் விடும் நாட்களை மாற்றாதீர்கள், ஒவ்வொரு முறையும் ஓடும் நேரத்தைக் குறையுங்கள்" என்றார் அளக்க வந்தவர். குறைத்தேன். கீழ் முள் மெல்ல ஏறியது, காய்ப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

என்னை அசைத்தது தண்ணீர்க் கணக்குகூட இல்லை. அவர்கள் அந்த ஆழத்து மண்நீரை உறிஞ்சி எடுத்து நைட்ரேட் எவ்வளவு என்று பார்த்தார்கள். நான் போட்ட யூரியாவின் மிச்சம் அங்கே இருந்தது. தண்ணீர் கீழே போகிறது என்றால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. உரம் போகிறது என்றால் உடனே காது நிமிர்கிறது.

ஒரு எச்சரிக்கை: முள் 80 தாண்டினால் முனை வழியே காற்று புகுந்துவிடும், மறுபடி தண்ணீர் நிரப்ப வேண்டும். வெடிப்பு விடுகிற மண்ணில் முனைக்கும் மண்ணுக்கும் தொடர்பு அறுந்து போவதும் உண்டு.

வயலோரம்:

நெல்லுக்கு என்னிடம் இருப்பது ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய். பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வளர்ப்பது பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். எவ்வளவு காயவிடலாம் என்பதற்குத்தான் அளவு இல்லாமல் இருந்தது. 30 செ.மீ. நீளக் குழாய், மேல்பாதியில் துளை இல்லை, துளையிட்ட கீழ்ப்பாதியை மண்ணுக்குள் இறக்கி உள்ளே இருக்கும் சேற்றை வழித்து எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கும்வரை காத்திருக்கலாம். அப்புறம் 5 செ.மீ. அளவுக்கு நீர் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரம் களை வராமல் இருக்க நீரைத் தேக்கி வைப்பதும், பூக்கும் சமயத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரம் வயலைக் காயவிடாமல் இருப்பதும் கட்டாயம். நல்ல நிலையில் 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சமாகலாம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

எங்கள் வயலில் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆய்வு மாணவி மேட்டில் ஒரு குழாய், பள்ளத்தில் ஒரு குழாய் வைத்தார். இரண்டும் இரண்டு கதை சொல்லின. மேட்டுக் குழாய் "தண்ணீர் விடு" என்கிறது, பள்ளத்துக் குழாயில் இன்னும் மட்டம் தரைக்கு மேலே. முதலில் வயலைச் சமப்படுத்துங்கள், அதற்குப் பிறகுதான் குழாய் என்று கறாராகச் சொல்லிவிட்டார். லேசர் கருவி வைத்துச் சமப்படுத்திய பிறகு இரண்டும் ஒத்துப்போயின. இன்றைக்கு யாராவது என்னிடம் குழாயைப் பற்றிக் கேட்டால் நான் சமப்படுத்துவதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுகிறேன்.

அதே மாணவி மூடிய பெட்டிகளைப் பயிர் மேல் கவிழ்த்து, ஊசிக்குழலால் காற்றை இழுத்துக் கொண்டுபோவார். பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை அளக்கத்தான். நீர் நின்ற சேற்றில் ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. இடையில் வயல் காய்ந்தால் அது ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். ஆனால் காய்ந்து நனைகிற மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற, அதேபோல் பூமியைச் சூடாக்கும் வாயு கொஞ்சம் கூடலாம், அதனால் தழைச்சத்தைப் பார்த்துப் போடுங்கள் என்றும் அவரே சொன்னார். லாபத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதவர் என்பதால் அவர் மேல் எனக்கு மரியாதை.

சொட்டு:

எங்களுக்கு வந்தவர் கையில் டம்ளர்கள். நான்கு லேட்டரல் (செடி வரிசையோரம் ஓடும் சொட்டுநீர்க் குழாய்), ஒவ்வொன்றிலும் தலை, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி என நான்கு இடம், மொத்தம் 16 டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் வாய்). ஒரே நேர அளவுக்குத் தண்ணீர் பிடித்து அளந்தார். குறைவாகக் கொட்டிய நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் சீர்மை கிடைக்கும். 90 சதவீதத்துக்கு மேல் என்றால் நன்று. எங்களுடையது 70-ஐத் தொடவில்லை.

இதன் விளைவு என்ன தெரியுமா? கடைசிச் செடி வாடாமல் இருக்கும்வரை மோட்டாரை ஓடவிடுவோம். அதற்குள் தலைமாட்டுச் செடி இரண்டு பங்கு குடித்திருக்கும். சொட்டுநீர் போட்டாலே மிச்சம் என்று நம்பிக்கொண்டிருந்தால் இந்த மாதிரி இழப்பு கண்ணில் படாது. காரணம் பாதி அழுத்தக் குறைவு, பாதி அடைப்பு. லேட்டரல் முனையைத் திறந்துவிட்டால் துருநிறச் சேறு வந்தது. தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் அதில் வளரும் பாக்டீரியா செய்யும் வேலை. பில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வைத்து, வித்தியாசம் கூடினால் கழுவுவது இப்போது வழக்கம். இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை, டம்ளர் போதும். ஆனால் அவர் வந்துதான் செய்தோம்!

எடைமேடை:

நான் விவசாயி இல்லை, ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளராக இருந்தேன். அங்கே எடைபோடும் லைசிமீட்டர் உண்டு. வயலுக்கு நடுவே ஒரு பெரிய மண் பெட்டி, அடியில் தராசு. பெட்டிக்குள்ளும் வெளியிலும் அதே பயிர். பயிரும் மண்ணும் ஆவியாக விடும் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு எடை குறையும். டெக்சாஸில் புஷ்லாந்தில் இருப்பது 3 மீட்டருக்கு 3 மீட்டர், ஆழம் 2 மீட்டருக்கு மேல். எங்களுடையதும் அதே பரப்பு. 9 சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 9 கிலோ. 63 கிலோ எடையுள்ள ஆள் மேலே ஏறி நின்றால் கணினியில் 7 மி.மீ. மழை! களை எடுக்கப் போகிறவர் நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால் அன்றைய தரவு குப்பைதான்.

இன்றைக்குச் செயலிகள் "இந்த வாரம் இத்தனை மி.மீ. விடு" என்கின்றனவே, அதற்கு அடிப்படை இந்த மாதிரிப் பெட்டிகள்தான். உலக உணவு வேளாண் அமைப்பு 1998-ல் வெளியிட்ட 56-ஆம் எண் பாசன அறிக்கையில் உள்ள பயிர்க் குணகங்களைத்தான் (பயிருக்கும் பருவத்துக்கும் ஏற்ற பெருக்கல் எண்களை) பல செயலிகள் எடுத்துக்கொள்கின்றன. வானிலையிலிருந்து கணக்கிட்ட ஆவியாதல் அளவைக் குணகத்தால் பெருக்க வேண்டும். தக்காளிக்கு உச்சப் பருவத்தில் 1.15. நாளொன்றுக்கு 5 மி.மீ. என்றால் 5.75 மி.மீ., ஒரு ஹெக்டேருக்கு 57,500 லிட்டர். தொடக்கத்துக்கு இது போதும். உங்கள் மண்ணை அந்த எண்ணுக்குத் தெரியாது, அதற்கு வேரடி சொன்ன முள்தான்.

உவர்க்காடு:

வேரடி, உங்கள் கீழ் முள் நகராமல் இருந்தது உங்களுக்கு நஷ்டம். எங்கள் மாதிரி உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கியே ஆக வேண்டும். செடி தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. கழுவி இறக்காவிட்டால் பருவத்துக்குப் பருவம் சேர்ந்துகொண்டே போகும். எவ்வளவு கூடுதலாக விடுவது என்பதைத் தண்ணீரின் மின்கடத்துதிறனையும் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) பயிர் தாங்கும் அளவையும் வைத்துக் கணக்கிட்டுத் தந்தார்கள்.

நான் நம்ப மறுத்தது ஒன்று உண்டு. சொட்டுநீரில் உப்பு ஈர வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கே வெள்ளையாகப் படியும். லேசான மழை பெய்தால் அந்த உப்பு வேர்ப் பகுதிக்குள் திரும்ப வரும். அதனால் மழை தூறும்போது சொட்டை நிறுத்தாதீர்கள், ஓடவிடுங்கள் என்றார்கள். மழையில் மோட்டார் ஓட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பகுதியில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டாத பகுதியில்தான் இலை விளிம்பு கருகியது.

கடைமடை:

எல்லாம் சரி. நான் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறேன், அங்கிருந்து பேசுகிறேன். மேல்மடையில் இருப்பவர்கள் விட்ட உபரிதான் கீழே இறங்கி எங்கள் கிணறுகளை நிரப்பியது. அவர்கள் சொட்டுநீருக்கு மாறி, மிச்சமான தண்ணீரில் கூடுதல் நிலத்தைப் பயிராக்கினார்கள். அங்கே சிக்கனம், எங்கள் கிணற்றில் மட்டம் இறக்கம். நீர்ச் சமநிலை ஆய்வுக்கு வந்தவர்கள் முதல் நாளிலேயே கேட்ட கேள்வி, "ஆவியானது எவ்வளவு, மண்ணுக்குள் திரும்பிப் போனது எவ்வளவு?" என்பதுதான். ஆவியானது போனது போனதுதான். இறங்கியது பெரும்பாலும் யாரோ ஒருவருக்குத் திரும்பக் கிடைக்கும், உப்போ நைட்ரேட்டோ கலந்து கெடாத வரைக்கும்.

எங்கள் புலம்பல் மட்டும் இல்லை இது. அமெரிக்காவின் கான்சாஸில் மானியம் கொடுத்துத் திறன்மிகுந்த தெளிப்பான்களுக்கு மாற்றினார்கள். நிலத்தடி நீர் எடுப்பது குறையவில்லை, கூடியது என்று 2014-ல் வந்த ஆய்வு காட்டியது. அதிகம் தண்ணீர் குடிக்கும் பயிருக்கு மாறியது ஒரு காரணம்.

வேரடி:

அப்படியானால் நான் நேரத்தைக் குறைத்ததில் பயனே இல்லையா, அண்ணா?

கடைமடை:

இருக்கிறது தம்பி. உரம் இறங்குவது நின்றதே, மின்சாரமும் மிச்சம். ஆற்றுப்படுகைக்கு மிச்சமா என்பது நீங்கள் குறைத்த நேரத்தை வேறு எங்காவது ஓட்டுகிறீர்களா என்பதைப் பொறுத்தது. அதே கான்சாஸில் ஷெரிடன் 6 என்ற பகுதி விவசாயிகள் 2013 முதல் ஐந்து வருடத்துக்குச் சேர்த்து இவ்வளவு தண்ணீர்தான் எடுப்போம் என்று உச்சவரம்பு வைத்துக்கொண்டார்கள். சுமார் 20 சதவீதம் குறைப்பது இலக்கு. ஏக்கர் முழுக்க 55 அங்குல உயரத்துக்கு நிற்கும் அளவு தண்ணீர், ஐந்து வருடத்துக்கு. ஒரு வருடம் வறண்டால் கூடுதலாக எடுத்து, மறுவருடம் ஈடுகட்டலாம். அந்த எல்லை வந்த பிறகுதான் சென்சாரும் நேரக் கணக்கும் உண்மையிலேயே வேலை செய்தன, வருமானமும் பெரிதாக விழவில்லை.

எங்கள் பக்கம் இப்போது கிணற்றுக்குக் கிணறு மீட்டர் வைப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. யார் மீட்டரை யார் படிப்பது என்பதில் நிற்கிறது. மேல்மடைக்காரர் எங்களுடையதைப் படிக்கட்டும், நாங்கள் அவர்களுடையதைப் படிக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். அடுத்த கூட்டத்துக்கு வருகிறோம் என்றிருக்கிறார்கள்.