சின்னப் பிள்ளையளுக்கு நெருப்பைப் பற்றி எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?

அக்காமார், அண்ணாமார், ஒரு உதவி வேணும். நாங்கள் திருகோணமலை, பாலையூற்றில இருக்கிறம். மகனுக்கு 8 வயசு, மகளுக்கு 5. போன கிழமை கரண்ட் போன நேரம் மெழுகுதிரி சரிஞ்சு மேசை விரிப்பில பத்திட்டுது. அணைச்சிட்டுத் திரும்பினா மகளைக் காணேல்ல. கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருக்கிறா! நெருப்பை விட எனக்கு அதுதான் பயம்.

உடுப்பில பத்தினா ஓடாமல் நிலத்தில விழுந்து உருள வேணும், புகை வந்தா தவண்டு வெளிய போக வேணும், தீயணைப்புப் படையின்ர 110க்கு அடிக்க வேணும் எண்டெல்லாம் சொன்னன். மகன் பாடமாக்கிட்டான். மகள் அழுறா. சமையல் காஸ் காத்தை விடப் பாரம், கீழதான் தேங்கும், மணத்தா சுவிச்சில கை வைக்கக் கூடாது எண்டதை இந்த வயசுக்கு எப்படி விளக்கிறது? (அப்பம்மா இன்னும் சுட்ட காயத்துக்குப் பற்பசை பூசச் சொல்லுறா. 20 நிமிசம் பைப் தண்ணியில பிடிக்க வேணும் எண்டு அவவுக்கும் ஆராவது சொல்லுங்கோ.)

பயப்படுத்தாமல் விளையாட்டாப் பழக்கின ஆக்கள் இருக்கிறீங்களா? தமிழில படம், வீடியோ இருந்தா அனுப்புங்கோ. தீயணைப்பு நிலையத்துக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாமா, ஆரிட்டக் கேக்க வேணும்? முகமூடி போட்ட தீயணைப்பு ஆளைக் கண்டா என்ர மகள் இன்னும் உள்ளுக்குத்தான் ஒளிப்பா.