ஸ்லைடும் வால்வும் சேர்ந்த டிராம்போன்: இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தினால் சுருதி விலகுவது ஏன்?

இளவெயில் எழுதியது:

வணக்கம். பல ஆண்டுகளாக மூன்று வால்வு டிரம்பெட் வாசித்து வருகிறேன். ஸ்லைடு டிராம்போனை முறையாகக் கற்றதில்லை என்றாலும், ஸ்லைடை இழுத்து நிறுத்தும் ஏழு நிலைகளும் எங்கெங்கே வருகின்றன என்பது கைக்குப் பழகிய அளவுக்கு வாசித்திருக்கிறேன். அண்மையில் நண்பர் ஒருவர் தம்மிடம் இருந்த சூப்பர்போன் வகைக் கருவியைச் சில வாரங்களுக்கு என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். வலக்கையால் ஸ்லைடை இழுத்துக்கொண்டே இடக்கை விரல்களால் மூன்று வால்வுகளை (அழுத்தினால் குழலோடு கூடுதல் குழாயைச் சேர்க்கும் விசைகளை) அழுத்த வேண்டும்.

ஸ்லைடை முழுவதும் மூடிப் பூட்டிவிட்டு வால்வுகளை மட்டும் பயன்படுத்தினால் பெரிய குறை ஏதும் தெரியவில்லை. வால்வுகளைத் தொடாமல் ஸ்லைடில் மட்டும் வாசித்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால்தான் சிக்கல். முதல் வால்வையும் மூன்றாம் வால்வையும் அழுத்தினால் எஃப் வருகிறது. அதே விரல்களுடன் ஸ்லைடை இரண்டாம் நிலைக்கு இழுத்தால் அரைச்சுரம் இறங்கி ஈ வர வேண்டும் என்று நினைத்தேன். வருவதோ எஃப்பும் இல்லை, ஈயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கருவியைப் பார்த்த பழுதுபார்ப்பவர் ஒருவர், வால்வுக் குழாய்கள் குட்டையாக வெட்டப்பட்டிருப்பதாகவும், அவற்றை மாற்றினால்தான் சரியாகும் என்றும் சொல்லிவிட்டார். அது உண்மைதானா? குழாயை மாற்றிக்கொண்டால் இது என்னைப் போன்ற வால்வுக்காரருக்கு ஏற்ற கருவியாக இருக்குமா?

நீள்குழல் எழுதியது:

தயவுசெய்து எந்தக் குழாயையும் மாற்றிவிடாதீர்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் கருவியில் பழுது இல்லை. எல்லாப் பித்தளைக் குழல்களுக்கும் பொதுவான ஒரு கணக்குதான் இங்கே வேலை செய்கிறது. டிரம்பெட்டில் அது பாதி மறைந்து கிடப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

அரைச்சுரம் இறங்க வேண்டுமானால், அந்த நேரத்தில் குழல் எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அதில் ஏறத்தாழ 6 விழுக்காடு கூட வேண்டும். கூட்ட வேண்டியது விழுக்காடு, நிலையான ஓர் அளவு அன்று. சிக்கலின் வேர் இதில்தான் இருக்கிறது. பி ஃபிளாட் டெனர் டிராம்போனின் குழலை 270 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் அரைச்சுரத்துக்கு 16 செ.மீ. குழாய் கூட வேண்டும். ஸ்லைடில் இரண்டு குழாய்கள் இணையாக நகர்வதால் நீங்கள் 8 செ.மீ. இழுத்தால் போதும். கைக்குப் பழகிய இரண்டாம் நிலை இதுவே.

இப்போது வால்வுகளுக்கு வருவோம். முதல் வால்வு தனியாக ஒரு முழுச்சுரம் இறக்க 33 செ.மீ. சேர்க்கிறது, மூன்றாம் வால்வு தனியாக ஒன்றரைச் சுரம் இறக்க 51 செ.மீ. சேர்க்கிறது. இரண்டையும் அழுத்தினால் 84 செ.மீ. கூடிக் குழல் 354 செ.மீ. ஆகிறது. ஆனால் சரியான எஃப்புக்கு வேண்டியது 360 செ.மீ. மூன்றாம் வால்வு அளக்கப்பட்டது 270 செ.மீ. குழலுக்கு, முதல் வால்வு முன்பே குழலை நீட்டிவிட்ட பிறகு அந்த 51 போதாது. ஆகவே உங்கள் எஃப்பே ஏறத்தாழ 30 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்) உயர்ந்து நிற்கிறது. டிரம்பெட்டில் இதே விரல்களை வைக்கும்போது மூன்றாம் வால்வின் வளையத்தை இடக்கை விரலால் வெளியே தள்ளுவீர்கள் அல்லவா? அது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

இந்த 354 செ.மீ. குழலில், பழைய பழக்கப்படி 8 செ.மீ. மட்டும் ஸ்லைடை இழுத்தால் 370 செ.மீ. கிடைக்கும். ஈ சுரத்துக்கோ 382 செ.மீ. வேண்டும். 370 என்பது எஃப்புக்கும் ஈக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவே விழும் நீளம். உங்கள் காது சொன்னது மிகச் சரி. அந்த விரல்களுடன் ஈ வர வேண்டுமானால் மூடிய நிலையிலிருந்து ஏறத்தாழ 14 செ.மீ. இழுக்க வேண்டும். எஃப்பையே சுத்தமாகக் கேட்க விரும்பினால் 3 செ.மீ. இழுத்துப் பாருங்கள். மூன்றாம் வால்வுக் குழாயைச் சற்று நீளமாகவே செய்யும் தயாரிப்பாளர்களும் உண்டு; ஆகவே உங்கள் கருவியில் இந்த எண்கள் கொஞ்சம் மாறலாம், போக்கு மாறாது.

பழுதுபார்ப்பவர் சொன்னபடி குழாயை நீட்டினால் இந்த ஓர் இணைப்பு சரியாகும், வால்வைத் தனியாக அழுத்தும் சுரங்கள் எல்லாம் தாழ்ந்துவிடும்.

பழம்பித்தளை எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் இந்தக் கருவியை ஏதோ விந்தைப் பிறவி போலப் பேசுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. லைப்சிக் நகரத்துக் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சாட்லர் 1839-இல் பி ஃபிளாட் டிராம்போனில் எஃப்புக்கு இறக்கும் ஒரு வால்வைப் பொருத்தினார். இடக்கைப் பெருவிரலால் அழுத்தும் அந்த ஏற்பாடு இன்று எந்த இசைக்குழுவிலும் சர்வசாதாரணம். அதுவும் ஸ்லைடும் வால்வும் சேர்ந்த கருவிதானே? ஒரு வால்வு என்பதால் அதை யாரும் கலப்பினம் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

இளவெயில் சந்தித்த சிக்கலை அந்த ஒற்றை வால்விலேயே பார்க்கலாம். எஃப் வால்வை அழுத்தியதும் ஓர் அரைச்சுரத்துக்கு ஸ்லைடை 8 செ.மீ.க்குப் பதில் கிட்டத்தட்ட 11 செ.மீ. இழுக்க வேண்டியிருப்பதால், ஏழு நிலைகள் அடங்கிய அதே ஸ்லைடில் ஆறு நிலைகள்தாம் அடங்குகின்றன. விளைவாகக் கீழ்ப் பி சுரம் கைக்கு எட்டாமல் போகிறது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1943-இல் எழுதிய ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்செர்டோவில் பாஸ் டிராம்போனுக்கு அந்தப் பி சுரத்திலிருந்து எஃப் வரை ஒரே வழுக்கலாக ஒரு கிளிஸாண்டோ வருகிறது. பழைய எஃப் பாஸ் டிராம்போனில் அது ஏழாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு ஒரே இழுப்பு. பி ஃபிளாட் கருவியிலோ அந்த ஓர் இடத்துக்காக வால்வுக் குழாயை ஈ வரை இறக்கி வைப்பது போன்ற உபாயங்கள் தேவைப்படுகின்றன. பாஸ் டிராம்போனில் இரண்டாவது வால்வு வந்ததற்கும் அந்தப் பி சுரத்தின் குறையே முக்கியக் காரணம்.

முழு அளவில் இரண்டையும் சேர்த்தவர்களும் உண்டு. ஜாஸ் கலைஞர் பிராட் கோவன்ஸ் 1940-களில் வேலைட் என்ற கருவியை வாசித்தார். 1970-களில் டிரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசனுக்காக ஹோல்டன் நிறுவனம் சூப்பர்போனை உருவாக்கியது. ஃபயர்பேர்ட் என்ற ஸ்லைடு வைத்த டிரம்பெட்டும் அந்த வரிசையில் வந்ததுதான். நேர்மாறான வழியில் போனவர் சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ். அவர் 1852-இல் ஸ்லைடை அடியோடு நீக்கி, நிலைக்கு ஒன்று வீதம் ஆறு வால்வுகளை வைத்து, எந்த இரண்டையும் சேர்த்து அழுத்தத் தேவையில்லாதபடி செய்தார். சேர்த்தால்தானே சுருதி விலகும் என்பது அவர் தர்க்கம். கருவி கனத்தது, தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது.

கைவலி எழுதியது:

கணக்கும் வரலாறும் நன்றாகவே இருக்கின்றன; தோளைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. வழக்கமான டிராம்போனில் கருவியின் எடை முழுவதையும் தாங்குவது இடக்கை. இங்கே அதே இடக்கையின் மூன்று விரல்களைத் தாங்கும் வேலையிலிருந்து விடுவித்து வால்வுகளிடம் அனுப்பிவிடுகிறோம். வால்வுகளின் எடை வேறு கூடுகிறது. நான் ஓராண்டுக் காலம் இத்தகைய கருவியை வாசித்தபோது, பிடியை இறுக்கினால் விரல்கள் மந்தமாகும், தளர்த்தினால் மவுத்பீஸ் உதட்டிலிருந்து நழுவும் என்ற இழுபறியிலேயே முதல் சில மாதங்கள் போயின. மேலும், டிரம்பெட்டில் உங்கள் வால்வு விரல்கள் வலக்கையில் இருக்கின்றன. அந்த வேகம் இடக்கைக்குத் தானாக வந்துவிடாது.

ஆயினும் இது உங்களுக்கு ஏற்காது என்று சொல்லமாட்டேன். வால்வில் ஓடிக்கொண்டிருக்கும் விரைவான சுரக்கோவையின் கடைசிச் சுரத்தை மட்டும் ஸ்லைடில் வழுக்கி இறக்கும்போது கிடைக்கும் ஒலி, தனி ஸ்லைடிலும் தனி வால்விலும் கிடைக்காதது. அதற்காக ஒவ்வொரு விரல் சேர்க்கைக்கும் புதிதாக ஏழு நிலைகளை மனப்பாடம் செய்ய முனையாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கி வீணாகக் களைத்தேன். வால்வுக்கு முதன்மை கொடுத்து, ஸ்லைடைச் சுருதி திருத்தவும் வழுக்கவும் மட்டும் வைத்துக்கொண்ட பிறகே கருவி கைக்கு வந்தது.

இளவெயில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு டியூனரை எதிரே வைத்து, முதல், மூன்றாம் வால்வுகளை அழுத்தி எஃப்பை ஊதினேன். முள் வலப்புறம் 25 சென்ட்டைத் தொட்டு நின்றது. ஊதியபடியே ஸ்லைடைச் சிறிது சிறிதாக வெளியே விட, இரண்டு விரற்கடையை எட்டுவதற்குச் சற்று முன்பே முள் நடுவுக்கு வந்துவிட்டது. அங்கேயே உள் குழாயில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டுக்கொண்டேன். ஈ சுரத்துக்கு 13 செ.மீ. தேவைப்பட்டது. பழுதுபார்ப்பவரிடம் கருவியை அனுப்பப் போவதில்லை.

நீள்குழல் எழுதியது:

அப்படியானால் உங்கள் மூன்றாம் வால்வுக் குழாய் கொஞ்சம் நீளமாகவே செய்யப்பட்டிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்தப் பென்சில் கோட்டை உடனே மென்மையான துணியால் துடைத்துவிட்டு, ஸ்லைடுக்கு மீண்டும் களிம்பு தடவுங்கள். உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் இடையே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. பென்சில் தூள் அங்கே சேர்ந்தால் ஸ்லைடு சொரசொரக்கும். அடையாளம் தேவையென்றால், நீட்டிய கை மணிவாய்க்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலையை டிராம்போன்காரர்கள் அப்படித்தான் பழகுகிறார்கள்.