எஸ்எஸ்டி ‘குட் 90%’ காட்டுகிறது, லேப்டாப் உறைகிறது. மாற்றணுமா?

ஈசூன்_அக்கா:
வணக்கம். வீட்டு லேப்டாப், வாங்கி 4 ஆண்டு ஆகிறது. கூடவே வந்த 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சிப்பில் தரவைச் சேமிக்கும் வேகமான டிரைவ்), விண்டோஸ் 11. பழைய படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் 20, 30 விநாடி அப்படியே உறைந்துவிட்டுத் தானாகச் சரியாகிறது. அண்மையில் சேமித்த ஃபைல்களில் இந்தத் தொல்லை இல்லை. டிரைவின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் வருவது: குட் 90%, எழுதியது 31 டிபி (டெராபைட்), ஓடியது 7,200 மணி நேரம், மீடியா எரர்ஸ் 26, அன்சேஃப் ஷட்டவுன்ஸ் (முறையாக அணைக்காமல் மின்சாரம் அறுந்த தடவைகள்) டி4. வெப்பம் 62 டிகிரி, பெரிய ஃபைல் காப்பி செய்தால் 78. பிள்ளைகளின் பள்ளி வேலை, குடும்பப் படங்கள் எல்லாம் இதில்தான், வேறு நகல் இல்லை. 90% இருக்கும்போது மாற்றுவது வீண் செலவா? எஸ்எஸ்டி 5 வருஷம்தான் உழைக்கும் என்கிறார்களே, அதுதானா இது?

மெமரி_மச்சி:
90% என்றால் டிரைவ் நல்லாத்தான் இருக்கு. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சரிபார்க்கும் கட்டளை செக்டிஸ்க், அதை ஆர் ஆப்ஷனோடு ஒரு தடவை ஓட்டுங்க, அதுவும் தீரலைன்னா விண்டோஸை மறுபடி போடுங்க.

ரோச்சோர்_பெஞ்ச்:
நகல் எடுக்கும் வரை செக்டிஸ்க் வேண்டவே வேண்டாம். ஆர் ஆப்ஷன் டிரைவ் முழுவதையும் படிக்க வைக்கும், ஃபைல் அட்டவணையிலும் கை வைக்கும். தடுமாறும் டிரைவில் இரண்டுமே ஆபத்து. எஸ்எஸ்டியில் எந்த முகவரி எந்தச் செல்லில் (தரவு தங்கும் நுண்ணிய இடம்) இருக்கிறது என்பதை டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பான கன்ட்ரோலர்தான் தீர்மானிக்கிறது. ‘இந்த இடம் கெட்டது’ என்று விண்டோஸ் குறித்து வைப்பதில் பயனும் குறைவு.

அக்கா, முதலில் எண்கள். அந்த மென்பொருள் கீழ்ப்பட்டியலில் பதினாறடிமான எண்ணை (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் என்று எழுதுவது) காட்டும். 26 என்பது உண்மையில் 38, டி4 என்பது 212. ஃபங்ஷன், அட்வான்ஸ்ட் ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய் 10 என்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான எண்ணில் வரும்.

90% என்பது உடல்நிலை அறிக்கை அல்ல. எழுதி எழுதித் தேய்ந்தது 10%, அதை 100-லிருந்து கழித்திருக்கிறது, அவ்வளவே. 500 ஜிபி டிரைவ்களில் சாம்சங் 970 ஈவோ பிளஸ் போன்றவற்றுக்கு எழுத்து வரம்பு (மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்று நிறுவனம் உறுதி தரும் அளவு) 300 டிபி. உங்களுடையதும் அந்த ரகம் என்று வைத்துக்கொண்டால், 4 ஆண்டில் 31 டிபி, அதாவது நாளுக்கு ஏறத்தாழ 21 ஜிபி. இதே வேகத்தில் வரம்பைத் தொட இன்னும் 34 ஆண்டு ஆகும். 5 வருஷம் என்பது பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதக் காலம், ஆயுள் கணக்கு இல்லை. வீட்டு உபயோகத்தில் எழுதியே தேய்ந்து சாகும் எஸ்எஸ்டி அபூர்வம். கன்ட்ரோலர் போகும், ஃபர்ம்வேர் (டிரைவின் உள் மென்பொருள்) குழம்பும், மின்சாரம் திடீரென்று அறும்போது முகவரி அட்டவணை கெடும். ஹார்ட் டிஸ்க் மாதிரி ‘டக் டக்’ என்று சத்தம் போட்டு எச்சரிக்காது.

இங்கே பார்க்க வேண்டியது அந்த 38. டிரைவ் பிழை திருத்த முயன்றும் சரியாகப் படிக்க முடியாமல் போன தடவைகளின் எண்ணிக்கை அது. 0 இருப்பதுதான் இயல்பு. உறைவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். செல்லில் உள்ள மின்னூட்டம் நாளடைவில் நகர்ந்துவிடும். டிரைவ் வேறு வேறு மின்னழுத்தத்தில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அதுவரை விண்டோஸ் காத்திருக்கும். பழைய ஃபைல் மட்டும் இழுப்பது இதற்குப் பொருந்துகிறது. 2014-ல் சாம்சங் 840 ஈவோவில் இதே வகைக் கோளாறு வந்து, பழைய தரவை அவ்வப்போது புதிதாக எழுதும் ஃபர்ம்வேர் கொடுத்துத்தான் சரிசெய்தார்கள்.

உறுதி செய்ய, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பாருங்கள். ஈவென்ட் ஐடி 7 என்றால் கெட்ட பிளாக், 153 என்றால் மறுபடி முயன்றது, 129 என்றால் டிரைவ் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது. உறைந்த நேரமும் இவற்றின் நேரமும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

சிடிரைவ்_சித்தர்:
பெஞ்ச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதவீதமே பொய் சொன்னதும் உண்டு: 2023 தொடக்கத்தில் சாம்சங் 990 ப்ரோ அளவுக்கு மீறி வேகமாகத் தேய்வதாகக் காட்டியது, ஃபர்ம்வேர் விட்டுச் சரிசெய்தார்கள். ஆனால் ஃபர்ம்வேர் புதுப்பிப்பதும் நகல் எடுத்த பிறகுதான்.

நகல் எடுக்கும் முறை: வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி, எது போனால் திரும்ப வராதோ அதை முதலில் எடுங்கள். படங்கள், பள்ளி வேலை, பிறகு மற்றவை. ஒரே மூச்சாக இழுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராக. விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்தினால் மறுமுயற்சியை 1, காத்திருப்பை 1 விநாடி என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலிலேயே 30 விநாடிக்கு ஒரு முறையாக 10 லட்சம் தடவை முட்டிக்கொண்டிருக்கும். 78 டிகிரி அதிகம். மெத்தை மேல் வைக்காமல் மேசையில் வைத்து, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, மேசை விசிறியைத் திருப்பி விடுங்கள். ஏர்கான் இல்லாமல் நம் சிங்கப்பூர் அறை இரவிலும் 29, 30 டிகிரியில்தான் இருக்கும்.

விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிரைவைத் தானாகவே என்க்ரிப்ட் செய்து (பூட்டி) வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயை இப்போதே தாளில் எழுதி வையுங்கள். கழற்றிய பிறகு தேடினால் கஷ்டம்.

ஈசூன்_அக்கா:
நன்றி. 129-உம் 153-உம் வரிசையாக இருக்கிறது, நேரமும் ஒத்துப்போகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், 11 படங்கள் மட்டும் வரவில்லை. இப்போது வழக்கமான எண்ணிலேயே மீடியா எரர்ஸ் 61! புது டிரைவுக்கு எதைப் பார்க்கணும்? பழையதை அப்படியே க்ளோன் செய்யலாமா? நகலை எங்கே வைப்பது, பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் கெட்டிச் சுவர்ப் பாதுகாப்பு அறை) ஒரு அலமாரி காலியாக இருக்கிறது.

ரோச்சோர்_பெஞ்ச்:
38-லேயே நின்றிருந்தால் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஏறிவிட்டதே, மாற்றிவிடுங்கள். க்ளோன் வேண்டாம்: கெட்ட இடம் வந்ததும் பல மென்பொருள்கள் நின்றுவிடும், நிற்காதவை ஓட்டையான விண்டோஸை அப்படியே கொண்டுபோகும். யூஎஸ்பியிலிருந்து புதிதாக விண்டோஸ் போடுங்கள். அந்த 11 படம் அவசியம் வேண்டுமென்றால், லினக்ஸ் யூஎஸ்பியில் டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருள் ஒரு வாய்ப்பு. முதலில் நல்ல பகுதியை எல்லாம் எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிக்குத் திரும்பி வரும்.

வாங்கும்போது அளவு 2280-தானா (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்), பழையதன் இணைப்பு முனையில் ஒரே வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வெட்டு என்றால் சாட்டா என்ற பழைய, மெதுவான வகையாக இருக்கலாம். ஒரு செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி எடுங்கள். 4 பிட் வைக்கும் க்யூஎல்சி மலிவுதான், ஆனால் கேஷ் (தற்காலிக வேகப் பகுதி) நிரம்பியதும் எழுதும் வேகம் படுத்துவிடும். 500-க்குப் பதில் 1 டிபி போனால் எழுத்து வரம்பும் இரட்டிப்பாகும், அதே 970 ஈவோ பிளஸில் 600 டிபி. சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளூர் வினியோகஸ்தர் உத்தரவாதமா, பேரலல் இம்போர்ட்டா (வினியோகஸ்தர் வழியாக வராத இறக்குமதியா)? சில வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய் உத்தரவாதத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம். பழைய டிரைவ் லேப்டாப்போடு வந்ததால் அதன் உத்தரவாதம் லேப்டாப் நிறுவனத்தோடு. டிரைவ் செய்தவர் பொதுவாக ஏற்கமாட்டார்.

மாட்டும் முன் சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். சாய்வாகச் செருகி, அழுத்திப் படுக்க வைத்து ஸ்க்ரூ போடணும். பழையதில் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் பட்டை) ஒட்டியிருந்தால் புதியதற்கும் வேண்டும். அந்த 212 அன்சேஃப் ஷட்டவுனும் கவனிக்க வேண்டியதே: பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பதை நிறுத்துங்கள்.

சிடிரைவ்_சித்தர்:
நகலுக்கு ஹார்ட் டிஸ்க் போதும், எஸ்எஸ்டியைத் தேட வேண்டாம். சிப் துறைத் தர அமைப்பான ஜெடெக் வகுத்த தரப்படி, எழுத்து வரம்பைத் தொட்டுவிட்ட வீட்டு எஸ்எஸ்டி மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும். புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் சூடு ஏற ஏறக் காலம் குறையும். வேடிக்கை என்னவென்றால், எழுதும்போது சூடாக இருப்பது தரவு தங்குவதற்கு நல்லது, அணைத்து வைத்திருக்கும்போது சூடாக இருப்பதுதான் கெடுதல். காற்றோட்டமில்லாத பாம் ஷெல்டரை விட, படுக்கையறை அலமாரியில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டி, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொரு நகல் வீட்டுக்கு வெளியே, கிளவுடில்.

பழைய டிரைவைக் கேஸ் போட்டு வெளி டிரைவாக வைக்காதீர்கள், கரோசெல் மறுவிற்பனைச் செயலியிலும் விற்காதீர்கள். பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) தரவை முழுவதும் அழிக்கும் செக்யூர் எரேஸ் இருந்தால் ஓட்டுங்கள், அது முடியாவிட்டால் சிப்புகளை உடைத்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.