பெங்களூரிலிருந்து பிரிட்டன் போறவங்களுக்கு: 'கோப்' எங்கே வரும், 'அப்' ஏன் வராது

கேள்வி: ஒயிட்ஃபீல்டு ஆபீஸ்ல இருந்து மான்செஸ்டருக்கு டிரான்ஸ்ஃபர். மனைவிக்கு அங்கேதான் பிரசவம். சமாளிக்கறதைச் சொல்ல 'கோப் அப் வித்' (cope up with)னு எழுதலாமா? 'ஹவ் ஆர் யூ கோப்பிங்?'னு கேட்டா என்ன சொல்லணும்? தெரிஞ்ச அண்ணன், அக்காமார் சொல்லுங்க.

பதில் 1: தம்பி, 'அப்' வேண்டாம். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' சாயல்ல நம்ம ஊர் இங்கிலீஷ்ல ஒட்டிக்கிட்டது அது. இங்கே அப்ரைசல் ஃபார்ம்ல யார் கண்லயும் படாது, அங்கே உறுத்தும். 'கோப் வித்', அவ்வளவுதான். 'வித்' இல்லாம 'கோப் தி வொர்க்லோட்'னும் வராது. பின்னாடி பெயர்ச்சொல், இல்லேன்னா 'இங்' வடிவம்: 'கோப் வித் லிவிங் அலோன்'. 'டு' போட்டே ஆகணும்னா வினையை மாத்துங்க: 'மேனேஜ்டு டு ஃபினிஷ்'. பிரச்சினை என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா தனியாவே நிக்கும்: 'ஷி இஸ் கோப்பிங் வெல்'. மனுஷங்களுக்கு மட்டும்னு இல்லை, லோடு தாங்காத சர்வருக்கும் மழைத்தண்ணி தாங்காத சாக்கடைக்கும் 'குடன்ட் கோப்'தான். (மழை வந்தா தண்ணி நிக்கற நம்ம பெங்களூர் பெல்லந்தூர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.)

'டீல் வித்'னா விஷயத்தைக் கையில எடுத்தாச்சு, முடிவு எப்படியும் போகலாம். 'கோப்'ல தாக்குப்பிடிச்சு நிக்கறதும் அடக்கம். அதனாலதான் 'ஐ கான்ட் கோப்' கனமான வாக்கியம். வேலை ஜாஸ்தின்னு சொல்ல 'ஐ ஆம் ஸ்ட்ரகிளிங் வித் திஸ் டெட்லைன்' போதும்.

பதில் 2: பிரசவம்னு சொன்னதால இது முக்கியம் தம்பி. குழந்தை பிறந்து 10–14 நாள்ல ஹெல்த் விசிட்டர் (தாயையும் குழந்தையையும் பாத்துக்கற நர்ஸ்) வீட்டுக்கு வருவாங்க. அவங்க 'ஹவ் ஆர் யூ கோப்பிங்?'னு கேட்டா அது குசலம் விசாரிக்கறது இல்லை. தூக்கம், பால் கொடுக்கறது, மனசு, உதவிக்கு ஆள் இருக்கா, எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு. பழக்கதோஷத்துல 'ஃபைன், ஃபைன்'னு சொன்னா, உதவி தேவையில்லைன்னு எடுத்துக்க வாய்ப்பிருக்கு. ஏதோ ஓடுதுன்னா 'ஜஸ்ட் அபவுட்'. முடியலைன்னா 'ஐ ஆம் நாட் கோப்பிங்', கூடவே காரணம் ஒரு வரி: 'ஐ கான்ட் ஸ்லீப் ஈவன் வென் தி பேபி ஸ்லீப்ஸ்'. ஜிபி (அங்கே நம்ம குடும்ப டாக்டர் மாதிரி) கிட்டேயும் இதையே சொல்லலாம். மாமியார் பக்கத்துல இருக்கும்போது வாய் வரலைன்னா, தனியா பேசணும்னு உங்க மனைவி கேக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னா அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிடுங்க, என்ஹெச்எஸ்ல (பிரிட்டனோட அரசு மருத்துவ சேவை) நோயாளி அதுக்குக் காசு கட்ட வேண்டாம்.

கனமான பெட்டியோட படியேறும்போது 'கேன் யூ மேனேஜ்?'னு கேட்டா, கை கொடுக்கட்டுமான்னு அர்த்தம். அங்கே 'கோப்' வழக்கமா வராது. நம்ம ஊர் கன்னட 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி'யை (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) டிரெயின் சீட்டுல இங்கிலீஷாக்கி 'ப்ளீஸ் அட்ஜஸ்ட்'னா முழிப்பாங்க. 'குட் யூ மூவ் அப் அ பிட்?'னு கேளுங்க.

பதில் 3: ஸ்பெல்லிங்கையும் பாத்துக்கோங்க. 'கோப்பிங்'ல (coping) ஒரே 'பி'. ரெண்டு போட்டா வேற வார்த்தை, 'ஒய்' சேர்ந்தா நகலெடுக்கறது. ரெண்டுமே நிஜ வார்த்தைங்கறதால ஸ்பெல்செக் பெரும்பாலும் விட்டுடும். இறந்தகாலத்தை 'கோப்ட்'னு ஒரே அசையா முடிங்க, 'கோப்பெட்' இல்லை.