வண்டிக்குள் 'எர்த்' எதைத் தொடுகிறது?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேம்பர் வேனில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) இன்வெர்ட்டர் சார்ஜர் பொருத்தும் கையேட்டில் 'எர்த்' என்பதற்குப் 'புவித்தொடுப்பு' என்ற சொல்லே போதும் என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றித் தருவதும், வெளி மின்சாரம் கிடைக்கும்போது பேட்டரியை சார்ஜ் செய்வதும் இந்தப் பெட்டியின் வேலை. வீட்டுக்கு அது நல்ல சொல். இலங்கையில் நன்கு வழங்குகிறது. ஆனால் வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, புவியைத் தொடுவதில்லை. இன்வெர்ட்டர் பெட்டியின் உலோக உறையிலிருந்து கிளம்பும் எர்த் கம்பி போய்ச் சேர்வது வண்டியின் இரும்புச் சட்டகத்தில்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 'புவி' என்று படித்தவர் மண்ணில் ஒரு கம்பியை அடித்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைப்பார். 12 வோல்ட்டில் 3000 வாட் எடுத்தால் பேட்டரிக் கம்பியில் 250 ஆம்பியர் ஓடும், இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூட. அந்த பாசிட்டிவ் கம்பி நைந்து உறையில் பட்டால், மின்னோட்டம் உறைக்கம்பி வழியே சட்டகத்துக்குப் போய், பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி, ஃபியூஸை எரிக்க வேண்டும். மூன்று பின் பிளக்கில் வரும் மெல்லிய பச்சைக் கம்பியைப் போட்டிருந்தால் ஃபியூஸுக்கு முன்னால் அதுதான் எரியும். பேட்டரிக் கம்பியின் தடிமனை ஒட்டித்தான் உறைக்கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்ணுக்கு இதில் வேலையே இல்லை.

என் பரிந்துரை: சட்டகத்தொடுப்பு. ஒர்க்‌ஷாப்பில் 'பாடி எர்த்' என்பார்கள். அதை ஒட்டி 'உடல்தொடுப்பு' என்று எழுதிப் பார்த்தேன். ஷாக் பற்றிய எச்சரிக்கைகளில் மனித உடலோடு குழம்புகிறது. 'சட்டத்தொடுப்பு' நீதிமன்றத்துக்கு இழுக்கிறது. 'நெகட்டிவ் இணைப்பு' என்பதும் வேண்டாம். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் சட்டகத்தோடு சேர்ந்திருந்தது.

அப்புறம், இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தரும்போது இத்தகைய பல கருவிகளில் உள்ளே இருக்கும் ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) நியூட்ரலை, அதாவது மின்னோட்டம் திரும்பி வரும் கம்பியை, உறையோடு சேர்த்துவிடும். சேர்க்காவிட்டால் கசியும் மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி இருக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவைப் பிடித்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பாதுகாப்பு ஸ்விட்சான ஆர்சிசிபி ட்ரிப் ஆகாது. வெளி மின்சாரத்தில் செருகியதும் ரிலே அதைப் பிரித்துவிடும், ஏனென்றால் அங்கே விநியோகப் பக்கத்திலேயே அந்தச் சேர்க்கை இருக்கிறது. இரண்டு இடத்தில் சேர்ந்திருந்தால் நியூட்ரலில் போக வேண்டிய மின்னோட்டம் எர்த் கம்பியிலும் பிரிந்து ஓடும். நியூட்ரலை உறையோடு சேர்க்கும் இந்த இணைப்பைத்தான் 'நொதுமல் பிணைப்பு' என்கிறேன்; நொதுமல் என்றால் நியூட்ரல்.

மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "வெளி மின்சாரம் வந்ததும் புவித்தொடுப்பு கிடைக்கும், நொதுமல் பிணைப்பு விடுபடும், சட்டகத்தொடுப்பு எப்போதும் இருக்கும்." 'எர்த்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியவில்லை.

'நொதுமல்' இலங்கையில் பழகிய சொல். தமிழ்நாட்டு எலக்ட்ரீசியனுக்குப் புதிது. கையேட்டில் 'நியூட்ரல் பிணைப்பு' என்றே விட்டுவிடலாமா? வயரிங் வேலை செய்யும் நண்பர்கள் சொல்லுங்கள்.