பள்ளி வாசலில் பழக்கமானவர்கள்

காரைக்குடி, எல்கேஜி பிள்ளையின் அம்மா:

கணவருக்கு இங்கே சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை கிடைத்து கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். முதல் மூன்று மாதம் மகளின் பள்ளி வாசலில் தனியாகத்தான் நின்றேன். மற்ற அம்மாக்கள் வேப்பமரத்தடியில் கூடிப் பேசுவார்கள். விசாரித்தால் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். மணியடிக்கும் வரை நான் போனை நோண்டுவது போல நடிப்பேன்.

ஒரு நாள், பேத்தியைக் கூட்டிப்போக வரும் ஆச்சி ஒருவர் நேராக என்னிடம் வந்து, "எந்தக் கோயில் ஆத்தா?" என்றார். வீடு எங்கே என்று கேட்கிறார் போலிருக்கிறது என நினைத்து, "கொப்புடையம்மன் கோயிலுக்குப் பின்னாடி" என்றேன். மரத்தடியே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

ஆச்சிதான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு ஒன்பது கோயில்களாம். இளையாத்தங்குடி, மாத்தூர், இரணியூர், பிள்ளையார்பட்டி என்று அவர் அடுக்க, நாலோடு எனக்குக் கணக்கு விட்டுப்போனது. ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அதனால் புது முகத்தைக் கண்டதும் அந்தக் கேள்வி தானாக வாயில் வந்துவிடுகிறது. எந்த வகையறா, எந்த வழி என்று விசாரிப்பது எனக்கு இன்றும் பிடிக்காது, அது வேறு விஷயம். ஆனால் நான் தப்பாகப் பதில் சொன்ன அன்றிலிருந்துதான் அந்தக் கூட்டத்தில் எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அப்புறம் வெள்ளைப் பணியாரம். மகளின் பிறந்தநாளுக்கென்று வீடியோ பார்த்துச் சுட்டேன். அப்பளம் போலத் தட்டையாகி எண்ணெயைக் குடித்தது. ஆச்சியின் மருமகளுக்கு போன் போட்டேன். ஸ்கூட்டியில் வந்து இறங்கியவர் மாவை விரலால் தொட்டுப் பார்த்து, "அளவே தப்புங்க" என்றார். ஒரு ஆழாக்கு பச்சரிசி எடுத்து, அதன் தலையிலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. வெண்ணெய் மாதிரி அரைத்து, புளிக்க விடாமல், ஒரு நேரத்துக்கு ஒரு கரண்டிதான் ஊற்ற வேண்டும்.

புதிதாக ஊறப்போட்ட அரிசிக்கு இரண்டு மணி நேரம் ஆகுமே, அதுவரை பேசினோம். பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாராம். என்னிடமும் அப்படி ஒரு கதை இருந்தது. இப்போது சனிக்கிழமைகளில் என் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறார். இரண்டு பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தேவகோட்டை, ஒரு அப்பா:

எங்களுக்கெல்லாம் இவ்வளவு கதை கிடையாது. அப்பாக்கள் வண்டியை விட்டே இறங்க மாட்டோம், தலையை ஆட்டுவதோடு சரி. ஸ்கூல் ஆட்டோ அண்ணனுக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் வராதபோதுதான், அதே ஆட்டோவில் போகும் மூன்று பிள்ளைகளின் அப்பாக்களும் முறை போட்டுக்கொண்டோம். என் மகன் கீரை சாப்பிடுவான் என்பதே இன்னொரு அப்பா சொல்லித்தான் தெரியும். ஆட்டோ திரும்ப வந்துவிட்டது. அப்போது ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடைச் சந்திப்பு மட்டும் நிற்கவில்லை.

நாட்டரசன்கோட்டை, மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா:

எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். தைப்பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தாள் கோயில் முன்னால் நகரத்தார் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு பானை வைக்கும் செவ்வாய்ப் பொங்கல் வந்தால்தான் கதவெல்லாம் திறக்கும். இந்த வருஷம் எதிர்வீட்டுக்கு சென்னையிலிருந்து என் மகன் வயசுப் பையனோடு ஒருவர் வந்தார். பிள்ளைகள் அவர்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், கிரிக்கெட் ஆட, நாங்கள் இருவரும் தூணுக்கு ஆளொரு பக்கம் சாய்ந்துகொண்டு பிள்ளைகளின் கணக்கு மார்க்கைப் பற்றிப் புலம்பினோம். நாலே நாள்தான். தினமும் போனில் பேசும் அளவுக்கு நாங்கள் நெருக்கமில்லை, அதைப் பெரிதுபடுத்தவும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பையன் மட்டையை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் மகன் அதை யாரையும் தொட விடுவதில்லை.